பல்லிய இசையில் இத்தாலியச் சொற்கள்

ஒரு கலை ஒரு நாட்டில் வளர்ந்து பிற நாடுகளுக்குப் பரவுங்கால், அக்கலைக்குரிய சொற்களும் உடன் செல்லுதல் இயல்பு. அங்ஙனம் சென்ற சொற்கள் புகுந்த நாட்டில் மூவகை நிலையை எய்துகின்றன. சில சொற்கள் அந்நாட்டு மொழியில் பெயர்க்கப்பெற்றுத் தாம் மறைகின்றன. சில, ஒலி திரிந்து அம்மொழிச் சொற்களாகவே ஆகிவிடுகின்றன. சில, அயற்சொல்லாகவே நின்று, அயற்சொல் என்னும் நிலையிலேயே பயன் தருகின்றன. ஐரோப்பியப் பல்லிய இசையில் வழங்கும் இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் இம்மூன்றாம் வகையின. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல மொழியினரும் அவற்றைப் பெயர்க்காமலும் பெரிதும் திரிக்காமலும் ஏட்டில் எழுதி வருகின்றனர்.

பல்லியம் என்று ஈண்டுக் குறிக்கப்படுவது ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும் பெருங்குழு ஆகும். நரம்புக் கருவி, துளைக் கருவி, தோற்கருவி ஆகியவற்றை இசைப்போர் பலர் ஒருங்கு கூடி, முன்னரே எழுதப்பெற்ற ஏட்டை நோக்கி இசைப்பர். எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பவற்றைக் கோடுகளும் புள்ளிகளும் காட்டும். எத்துணை விரைவு, எத்துணை உரப்பு, கருவியைக் கையாளும் முறை யாது என்பவற்றையோ சொற்களே காட்டுதல் வேண்டும். இயற்றியவர் உருசியராகவும், தலைவர் ஜெர்மானியராகவும், இசைப்போர் ஆங்கிலேயராகவும் இருப்பினும், அச்சொற்கள் இத்தாலியமாக இருத்தலைக் காண்கின்றோம்.

நம் இலக்கண நூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தனர். காரணம் பற்றிப் பிறந்த சொல், அக்காரணத்தை அறியாதார் வழக்கில் இடுகுறியாய் நிற்றலும் உண்டு. இத்தாலிய இசைச்சொற்களின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும். அவ்வாறு இடுகுறியானதால் பெற்ற பயன் யாது, இழந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொற்கள் பரவிய வகை

16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17-ஆம் நூற்றாண்டிலும் இசையில் தோன்றிய புதுமைகள் பல இத்தாலிய நகரங்களிலே தோன்றியவை. வெனிசு நகரத்துச் செயிண்ட் மார்க் பேராலயத்தில் பணியாற்றிய சியோவன்னி கேப்ரியெலி 1597-இல் வெளியிட்ட தொகுதியில், மெலிவும் உரப்பும் என்னும் பொருள்படப் 'பியானோ', 'ஃபோர்ட்டே' என்னும் சொற்களைத் தலைப்பிலேயே கொண்ட இசைப்பா ஒன்று உள்ளது. ஒலியின் அளவை ஏட்டிலே குறித்த மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று. இசை நாடகம் புளோரன்சு நகரில் 1600-ஐ ஒட்டி உருப்பெற்றது. மொண்டெவெர்டி இயற்றிய ஓர்ஃபேயோ 1607-இல் மாண்டுவாவில் அரங்கேறியது. கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டும் இசை நாடக அரங்கு 1637-இல் வெனிசில் திறக்கப்பெற்றது.

சொற்களின் பிறப்பை அறிதற்கு மொண்டெவெர்டியின் பிறிதொரு நூல் துணைபுரிகின்றது. 1624-இல் இசைக்கப்பெற்று 1638-இல் அச்சான தாங்க்ரேதி, குளோரிந்தா போர் பற்றிய பாடலில், வில்லை ஓரிடத்தில் வைத்துவிட்டு நரம்புகளை இரு விரல்களால் சுண்டுமாறு அவர் பணிக்கின்றார். அப்பணிப்பு ஒரு கலைச்சொல்லாக அமையவில்லை; முழுச்சொற்றொடராகவே எழுதப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அத்தொடர் முழுவதையும் 'பிட்சிகாட்டோ' என்னும் ஒரு சொல் ஏற்றுக்கொண்டது. மீண்டும் வில்லை எடுத்தலை 'ஆர்க்கோ', அஃதாவது 'வில்', என்னும் சொல் ஏற்றது. கலைச்சொல் என்பது பலகாலும் சொல்ல வேண்டிய ஒரு தொடரின் சுருக்கமே என்பது இதனால் விளங்கும்.

அச்சுத்தொழில் இச்சொற்களைப் பிற நாடுகளுக்குக் கொண்டு சென்றது. விவால்டியின் மூன்றாம் தொகுதி 1711-இலும், கொரெல்லியின் ஆறாம் தொகுதி 1714-இலும் வெளிவந்தது இத்தாலியில் அன்று, ஆம்ஸ்டர்டாம் நகரிலாகும். அங்கிருந்து இவ்வேடுகள் ஐரோப்பாவெங்கும் விற்பனையாயின. ஏட்டை வாங்கியவர் சுரங்களோடு சொற்களையும் வாங்கினர்.

ஆயின் வாங்கியோர்க்குப் பொருள் விளங்க வேண்டுமன்றோ? இங்கிலாந்தில் ஹென்றி பர்செல் 1683-இல் வெளியிட்ட இசைத்தொகுதியின் முன்னுரையில், இத்தாலியச் சொற்களை அறியாத ஆங்கிலேயர் பொருட்டு அவற்றின் பொருளை விளக்கினார். பிரான்சில் செபாஸ்தியான் டி புரொசார் 1703-இல் இசை அகராதி ஒன்று வெளியிட்டுக் கிரேக்க, இலத்தீன், இத்தாலியச் சொற்களுக்கு விளக்கம் தந்தார். அகராதி வேண்டப்படுவது சொல் அயலதாய் நிற்கும்போதே ஆதலின், இவ்விரண்டும் சொற்கள் இடுகுறியாகத் தொடங்கிய காலத்தைக் காட்டும் சான்றுகள் எனலாம்.

பிரெஞ்சுக்காரருள் சிலர் தம் மொழியையே விரும்பினர். கூப்பரன் 1716-இல் எழுதிய நூலில், பாடலின் தலைப்பில் 'மென்மையாக', 'உயிர்ப்புடன்' என்றாற்போன்ற பிரெஞ்சுச் சொற்களைத் தம்மவர் எழுதுவதனைக் கூறி, அயல்நாட்டார் பயன்கொள்ளுமாறு அவற்றை யாரேனும் மொழிபெயர்த்தல் நன்று என்றும் விழைகின்றார். தாய்மொழியில் எழுதினார்க்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. இத்தாலியத்தில் எழுதினார்க்கு அது வரவர வேண்டாதாயிற்று. இத்தாலியம் நிலைபெற்றமைக்கு இதுவே தலையாய காரணம் என்க.

2. மூவகைச் சொற்கள்

பல்லிய ஏட்டில் வரும் இத்தாலியச் சொற்கள் அனைத்தையும் ஒரு தன்மையவாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவற்றை வினைமுறைச் சொல், ஒலியளவுச் சொல், நடைச்சொல் என மூன்றாகப் பகுத்தல் தகும்.

கருவியை இவ்வாறு கையாள்க என்று பணிப்பன வினைமுறைச் சொற்கள். சுண்டுக என்னும் 'பிட்சிகாட்டோ', வில்லின் மரப்பகுதியால் தட்டுக என்னும் 'கோல் லெக்னோ', ஒலியடக்கியை இட்டு இசைக்க என்னும் 'கான் சோர்டினோ', அனைவரும் இசைக்க என்னும் 'டுட்டி' போன்றன இவ்வகையின. இவற்றின் பொருளில் ஐயம் மிகுதியும் எழுவதில்லை. நரம்பு சுண்டப்பட்டதா, வில்லால் இழுக்கப்பட்டதா என்பதனைக் கண்ணும் செவியும் அப்பொழுதே அறியும்.

ஒலியளவுச் சொற்களுள் தலைமையானவை பியானோவும் ஃபோர்ட்டேயும் ஆகும். ஃபோர்ட்டே என்பதன் பொருள் வலிய என்பது. பியானோ என்பதோ சமதளம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் பிறந்து, மெல்ல என்னும் பொருளை அடைந்தது. 1700-ஐ ஒட்டிப் புளோரன்சு நகரத்துக் கிறிஸ்டோஃபோரி மெலிவும் உரப்பும் ஒருங்கே தரவல்ல கட்டைக்கருவி ஒன்றைச் செய்தார். அவ்விரு தன்மையும் விளங்க வழங்கிய நீண்ட பெயர் நாளடைவில் குறைந்து, இன்று 'பியானோ' என்றே நிற்கின்றது. எத்துணை உரக்க ஒலித்தாலும் அக்கருவியின் பெயர் 'மெல்ல' என்பதே! காரணப்பெயர் இடுகுறியாதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்விரு சொற்களும் ஏட்டில் முதலெழுத்தளவாகச் சுருங்கின. மிகுதியைக் காட்ட அவ்வெழுத்தையே இரட்டித்தும் மும்முறை அடுக்கியும் எழுதுவர். நம் மொழியின் அடுக்குத்தொடரை இது நினைவூட்டும். சைக்கோவ்ஸ்கி 1893-இல் அரங்கேற்றிய ஆறாம் சிம்பொனியில் பியானோவின் முதலெழுத்தை ஓரிடத்தில் ஆறுமுறை அடுக்கியுள்ளார். 'கிரெசெண்டோ' என்பது வளர்ந்துகொண்டே என்னும் எச்சப்பொருள் உடையது; சிறிது சிறிதாக ஒலி பெருகுதலை அது குறிக்கும். 18-ஆம் நூற்றாண்டின் இடையில் மன்ஹைம் நகரத்துப் பல்லியக் குழு இவ்வொலிப் பெருக்கத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. ஆங்கிலப் பொதுவழக்கிலோ கிரெசெண்டோ என்பது பெருக்கத்தை விடுத்து, பெருக்கத்தின் உச்சியைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகின்றது. இசையேட்டில் அத்திரிபு நுழையவில்லை. செய்து காட்டும் கூட்டம் அதன் பொருளைக் காத்தது.

3. நடைச்சொற்களின் பொருள் திரிபு

மூன்றாம் வகையாகிய நடைச்சொற்களிலேதான் இடர் தோன்றுகின்றது. இவற்றுட் பல முதலில் விரைவின் பெயர்கள் அல்ல. 'அலெக்ரோ' என்பதற்கு இத்தாலியர் கொள்ளும் பொருள் மகிழ்ச்சியான என்பது. 'அடாஜியோ' என்பது ஓய்வாக, வருத்தமின்றி எனப் பொருள்படுவது. 'லார்கோ' என்பது அகன்ற என்பது. 'கிராவே' என்பது கனமான என்பது. 'அந்தாந்தே' என்பது நடக்கின்ற அல்லது செல்கின்ற என்னும் எச்சம். தமிழிலும் நடத்தற்பெயராகிய 'நடை' என்பதே தாளத்தின் செலவையும் உரையின் போக்கையும் குறித்தலை ஒப்புநோக்குக. 'பிரெஸ்டோ', 'லென்டோ' போன்ற சிலவே நேராக விரைவையும் தாழ்வையும் உணர்த்துவன.

மகிழ்ந்தவன் விரைவான், கனமுடையவன் மெல்லச் செல்வான். இத்தொடர்பு பற்றியே மனநிலையைக் குறித்த சொல் விரைவைக் குறிப்பதாயிற்று. பர்செல் தந்த விளக்கத்தில் இம்மாற்றம் முற்றுப்பெற்றே காணப்படுகின்றது. அலெக்ரோ என்பதற்கு அவர் மிக விரைந்த நடை என்றே பொருள் கூறுகின்றார். மகிழ்ச்சி என்னும் முதற்பொருளைச் சுட்டவில்லை. லார்கோ என்பது அவர்க்கு இடைப்பட்ட நடை. பிற்காலத்தார்க்கோ மிகத் தாழ்ந்த நடைகளுள் ஒன்று. எனவே ஒரே சொல்லை நூறாண்டு இடைவெளியில் இருவர் எழுதினால் இருவேறு விரைவு கருதப்பட்டிருத்தல் கூடும்.

மோட்சார்ட் 1788-இல் இயற்றிய 40-ஆம் சிம்பொனியின் முதற்பகுதி கலக்கமும் துயரமும் வாய்ந்ததாகப் பலராலும் உணரப்படுவது. அதன் தலைப்பில் உள்ள குறிப்போ 'மோல்ட்டோ அலெக்ரோ' என்பது. சொல்லுக்குச் சொல் பொருள்கொள்ளின் 'மிக்க மகிழ்ச்சியாக' என்றாகும். அப்பொருளை மோட்சார்ட் கருதியிரார் என்பது வெளிப்படை. அலெக்ரோ அப்பொழுதே விரைவைக் குறிக்கும் வெறுங்குறியாகிவிட்டது.

குறுமைப் பொருள் தரும் ஈறு சேர்ந்த சொற்களில் குழப்பம் இன்னும் மிகுந்தது. அந்தாந்தே என்பதனோடு அவ்வீறு சேர்ந்து 'அந்தாந்தினோ' ஆகும். சிறிய அந்தாந்தே என்பது அதன் பொருள். சிறியது என்பது விரைவில் குறைந்ததா, தாழ்வில் குறைந்ததா? அந்தாந்தேயைச் செல்லும் நடையாகக் கொண்டால், அந்தாந்தினோ அதனினும் மெல்லியதாகும். அந்தாந்தேயைத் தாழ்ந்த நடையாகக் கொண்டால், அந்தாந்தினோ அதனினும் விரைந்ததாகும். நடக்கின்ற என்னும் காரணத்தை உணர்ந்தவன் ஒரு முடிவுக்கும், தாழ்ந்தது என்னும் குறியளவாகக் கற்றவன் அதன் எதிர்முடிவுக்கும் வருகின்றான். பீத்தோவனுக்கே இவ்வையம் இருந்தது. ஸ்காத்லாந்து நாட்டுப் பாடல்களுக்கு இசையமைக்க வேண்டிய ஜார்ஜ் தாம்சனுக்கு 1813-இல் எழுதிய மடலில், அந்தாந்தினோ என்பதனை அந்தாந்தேயினும் விரைவாகக் கொள்வதா, மெல்லக் கொள்வதா என்று தெரிவிக்குமாறு அவர் கேட்கின்றார். இசையில் இதுபோல் பொருள் உறுதியற்ற சொற்கள் பல உண்டு என்றும் கூறுகின்றார்.

சொல்லை விடுத்து அளவையை நாடிய முயற்சிகளும் எழுந்தன. குவான்ட்ஸ் என்னும் ஜெர்மானியக் குழலாசிரியர் 1752-இல் வெளியிட்ட நூலில் மனிதனின் நாடித்துடிப்பை அளவுகோலாகக் கொண்டார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 துடிப்பு என்பது அவர் கணக்கு. 1815-இல் மெல்ட்செல் என்பவர் மெட்ரோனோம் என்னும் காலக்கருவிக்கு உரிமை பெற்றார்; அதன் ஊசலமைப்பை ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் முன்னரே கண்டறிந்திருந்தார். நிமிடத்திற்கு இத்தனை அடி என்று எண்ணால் எழுதும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

4. பீத்தோவனின் எதிர்ப்பு

1817-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் பீத்தோவன் தம் எட்டுச் சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். மோசெல் என்பார்க்கு அவ்வாண்டு எழுதிய மடலில் அலெக்ரோ, அந்தாந்தே, அடாஜியோ, பிரெஸ்டோ என்னும் நான்கு சொற்களையும் கைவிடத் தாம் எண்ணியிருப்பதாகத் தெரிவித்தார். மகிழ்ச்சி எனப் பொருள்படும் அலெக்ரோ, அதற்கு மாறான உணர்வுடைய இசைக்குத் தலைப்பாக நிற்றல் பொருந்தாது என்பது அவர் கருத்து. ஆயினும் எல்லாச் சொற்களையும் அவர் விலக்கவில்லை. விரைவு இசையின் உடல் போன்றது. தன்மையைக் குறிக்கும் சொற்களோ அதன் உயிரைச் சார்ந்தவை என்று அவர் பகுத்துரைத்தார். உடலுக்கு எண் போதும். உயிருக்குச் சொல் வேண்டும் என்பது இதன் கருத்தாகும்.

அவ்வுயிர்ச்சொல் எம்மொழியில் அமைதல் வேண்டும்? 1814-இலும் 1816-இலும் அவர் இயற்றிய பியானோ இசைப்பாக்கள் இரண்டில் தலைப்புகள் ஜெர்மன் மொழியில் உள்ளன. 1820-இல் இயற்றிய பிறிதொன்றின் இறுதிப்பகுதியில் இருமொழியும் அருகருகே நிற்கின்றன: மிகுந்த பாட்டியல்பும் உணர்ச்சியும் தோன்ற அந்தாந்தே எனும் நடையில் செல்க என்பது இத்தாலியம், பாட்டு நிறைந்து, ஆழ்ந்த உள்ளுணர்வோடு என்பது ஜெர்மன். உள்ளுணர்வு என்னும் அச்சொல்லை இத்தாலியத்தில் கூறுதல் அவர்க்கு நிறைவளிக்கவில்லை போலும்.

ஆனால் 1824-இல் வியன்னாவில் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியில் நடைச்சொற்கள் மீண்டும் இத்தாலியமாகவே உள்ளன. இதனை முரண்பாடு என்று கருதுதல் வேண்டா. பியானோ இசைப்பாவை ஒருவர் தம் இல்லத்தில் இருந்து படித்து இசைப்பர். சிம்பொனி இலண்டன் பில்ஹார்மோனிக் கழகத்தின் வேண்டுகோளோடு தொடர்புடையது. வியன்னாவிலும் இலண்டனிலும் பலர் ஒருங்கு கூடி இசைக்க வேண்டுவது. தனியொருவர்க்குத் தாய்மொழி, பெருங்கூட்டத்திற்குப் பொதுக்குறி என்னும் பாகுபாடு இங்கே புலனாகின்றது.

5. தாய்மொழி நாட்டமும் அதன் எல்லையும்

பீத்தோவனுக்குப் பின் தாய்மொழி நாட்டம் வலுப்பெற்றது. சூமன் 1841-இல் இத்தாலியக் குறிப்புகளோடு எழுதிய சிம்பொனி ஒன்றை 1851-இல் திருத்தியபோது அக்குறிப்புகளை ஜெர்மன் மொழிக்கு மாற்றினார். பிராம்ஸ் தம் நான்கு சிம்பொனிகளிலும் இத்தாலியத்தையே கொண்டார். ஆயினும் ஜெர்மன் விவிலியத் தொடர்களுக்கு இசையமைத்த இரங்கற் பெருநூலில் பெரும்பாலும் ஜெர்மன் குறிப்புகளை எழுதினார். பாடலின் மொழி குறிப்பின் மொழியையும் ஈர்த்தமை காண்க. தெபுசி 1905-இல் அரங்கேறிய 'கடல்' என்னும் பல்லிய நூலில் பிரெஞ்சு மொழியைப் பெரிதும் கையாண்டார். ஆஸ்திரேலியாவிற் பிறந்த பெர்சி கிரெயிஞ்சர் கிரெசெண்டோ என்பதனையும் விலக்கி, 'உரப்புக' எனும் பொருளுடைய எளிய ஆங்கிலச் சொல்லை ஆண்டார்.

இம்மாற்றம் எதுவரை சென்றது என்பதே ஆராயத்தக்கது. மாலரின் ஏடுகள் நீண்ட ஜெர்மன் குறிப்புகளால் நிறைந்தவை. 1904-இல் அரங்கேறிய அவருடைய ஐந்தாம் சிம்பொனியின் நான்காம் பகுதி 'அடாஜியெட்டோ' எனப் பெயர் பெற்றது. சிறிய அடாஜியோ என்பது பொருள். அதன்கீழ் மிக மெல்ல என்னும் பொருளுடைய ஜெர்மன் தொடர் உள்ளது. விரைவைக் கூறும் பொறுப்பை ஜெர்மன் ஏற்க, இத்தாலியம் பகுதியின் பெயராக எஞ்சியது. ஆயின் அதே ஏட்டில் சுண்டுதலுக்குப் பிட்சிகாட்டோவும், வில்லுக்கு ஆர்க்கோவும், ஒலியளவுக்குப் பியானோ, ஃபோர்ட்டே என்பவற்றின் எழுத்துகளும் மாறாமல் நிற்கின்றன. தெபுசியின் ஏட்டிலும் இந்நிலையே. ஒலியடக்கி போன்ற சிலவற்றிற்கு ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தம் சொல்லை எழுதினர் எனினும், வினைமுறைச் சொற்களிலும் ஒலியளவுக் குறிகளிலும் பெரும்பகுதி அசையவில்லை.

எனவே எதிர்ப்பு எழுந்த இடம் ஒன்றே; அஃது உணர்வைக் கூறும் இடம். கை செய்ய வேண்டியதை அயற்சொல் செவ்வனே கூறிற்று. உள்ளம் உணர வேண்டியதைக் கூறுமிடத்து அயற்சொல் மெலிந்தது.

இத்தாலியம் முற்றும் வழக்கிழந்ததும் இல்லை. ஹங்கேரியராகிய பார்டோக் 1943-இல் அமெரிக்காவில் வாழ்ந்தபோது பாஸ்டன் குழுவிற்காக எழுதிய பெருநூலின் ஐந்து பகுதிகளுக்கும் இத்தாலியப் பெயர்களையே இட்டார். எழுதியவர்க்கும் தாய்மொழி அன்று. இசைத்தவர்க்கும் தாய்மொழி அன்று. எவர்க்கும் உரியதன்று என்பதாலேயே அஃது எல்லார்க்கும் பொதுவாயிற்று.

6. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். இத்தாலிய இசைச்சொற்கள் முதலில் ஒரு நாட்டு மக்களின் நாள்வழக்குச் சொற்களாகவும் சொற்றொடர்களாகவும் இருந்தன. பிறமொழியார் வழக்கில் அவை காரணம் மறைந்து இடுகுறிகளாயின. இடுகுறியானதால் அவை பன்மொழிக் கூட்டத்தை ஒரே நொடியில் ஒருங்கியக்கும் ஆற்றல் பெற்றன. அதே காரணத்தால் நடைச்சொற்கள் தம் பொருளின் ஒரு பகுதியை இழந்தன. செயலால் சோதித்தறியக்கூடிய சொற்கள் பொருள் திரியாமல் நின்றன. உணர்வோடு தொடர்புடைய சொற்கள் திரிந்தன, பின்னர்த் தாய்மொழிக்கு இடம் தந்தன.

காரணம் மறைந்தாலும் முற்றும் அழிவதில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. அந்தாந்தே என்பது நடத்தல் என்று உணர்ந்த இசைஞர் அதனைத் தேங்கவிடார்; 'இன்னும் அந்தாந்தேயாக' என்று எழுதியிருப்பின் நடையைச் சற்றே முடுக்குவர். அதனைத் தாழ்ந்த நடையின் பெயர் என்று மட்டும் கற்றவர், அக்குறிப்பைக் கண்ட அளவில் நடையைத் தாழ்த்துவர். சொல்லின் வரலாற்றை அறிதல் புலமைக்கு அணியாவதோடு அமையாது, செவியில் கேட்கும் இசையையே மாற்றவல்லது.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு இவ்வரலாறு ஒரு பாகுபாட்டை உணர்த்துகின்றது. அயற்சொல் வேண்டும் என்றோ வேண்டா என்றோ ஒருசேரத் துணிதல் பொருந்தாது. அச்சொல் கைக்கு ஏவல் இடுகின்றதா, உள்ளத்தோடு பேசுகின்றதா என்று முதற்கண் வினவுதல் வேண்டும். ஏவல் இடுவது எம்மொழிக் குறியாயினும் பழக்கத்தால் பயன்படும். உள்ளத்தோடு பேச வேண்டுவது, கேட்போரின் மொழியை நாடியே தீரும்.